அபாயச் சங்கும் அக்காவின் விசிலும்

பாவசங்கீர்த்தனம் பண்ணப் போறப்பல்லாம் சாமியார் கேட்பார், யார்மேலயாவது வன்மம் வச்சிருக்கியான்னு. வச்சிருக்கேன் சாமின்னுதான் இன்னைக்கும் சொல்றேன். விட்டுடணும் மகளேம்பார். சரின்னு தலையாட்டிட்டு வெளியே வந்து செருப்பு மாட்டுறதுக்குள்ள அந்த ஆளோட மூஞ்சி ஞாபகம் வந்துடும். அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப காலமாச்சு. போனா என்ன? அவர் சொன்ன வார்த்தை என் காதுல அப்படியே இருக்கு. அதனால என்னை யாரும் மன்னிக்கச் சொல்லாதீங்க.

யுத்தம் நடந்துக்கிட்டிருந்த வருஷங்கள் அது. ஜப்பான்காரன் வந்துடுவான்னு பாதி மெட்ராஸ் மூட்டை கட்டிக்கிட்டு ஓடி, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வந்திருந்த சமயம். நானும் என் அக்காவும் மந்தைவெளிக்குத் தெற்கே, அடையாத்தைப் பார்த்துச் சரிஞ்சு போற ஒரு தெருவுல இருந்தோம். அத்தான் பட்டாளத்துல சேர்ந்து கடல் தாண்டிப் போயிட்டார். அக்காவுக்குக் குழந்தை இல்லை. நான் சாந்தோம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துல டீச்சர்.

குண்டு விழுந்தா ஜனங்களைப் பார்த்துக்கத் தெருவுக்கு ஒரு வார்டன் போட்டாங்க. எங்க தெருவுக்கு அக்கா. எங்க வட்டாரத்துக்கெல்லாம் பொறுப்பா இருந்த அதிகாரி ஒருத்தர் வார்டன்களை மைதானத்துல நிக்கவச்சுப் பாடம் நடத்தினார். சங்கு ஏறி இறங்கி ஊளையிட்டா ஆபத்து. வெளியில இருக்கிறவன் உள்ளே போகணும். கதவு, ஜன்னல் சாத்தணும். கட்டிலுக்கோ மேஜைக்கோ அடியில படுக்கணும், பல்லுக்கு நடுவுல துணியைக் கடிச்சுக்கணும். சங்கு ஒரே சீரா நீட்டி ஊதினா ஆபத்து தீர்ந்தது. வார்டனுக்கு ஒரு விசில். விட்டு விட்டு ஊதினா உள்ளே போ, ஒரே மூச்சா ஊதினா வெளியே வா.

அக்கா அந்த விசிலைச் சிவப்புக் கயித்துல கோத்துக் கழுத்துல போட்டுக்கிட்டா. ஜெபமாலைக்குப் பக்கத்துல அது தொங்கும். தெருக்காரங்க முதல்ல கேலி பண்ணாங்க. "இன்னாக்கா, ஜப்பான்காரனுக்கு நம்ம தெரு எங்க கீதுன்னு தெரியுமா?" அக்கா விடலை. வீடு வீடாப் போய்ப் படுக்கவச்சுப் பழக்கினா. நாளாக ஆக அவ விசில் கேட்டா அடுப்புல வச்சதை இறக்கிட்டு எல்லாரும் உள்ளே ஓட ஆரம்பிச்சாங்க. அதிகாரியே ஒரு தடவை வந்து பார்த்துட்டு, "பேஷ், இதுதான் மாதிரித் தெரு"ன்னு தட்டிக்கொடுத்துட்டுப் போனார்.

தெருவோட பள்ளமான கோடியில ரிக்‌ஷா இழுக்கிறவர் ஒருத்தர் குடும்பம். மண்சுவர், மேலே ஓலை. அவங்க பெண் குழந்தைக்குப் பல்லு முளைக்கிற பருவம். தவழ்ந்து வந்து அக்கா மடியில ஏறி அந்த விசிலைத்தான் கடிக்கும். அக்கா அதைத் துடைக்கக்கூட மாட்டா.

ஐப்பசி மழை. விடாம கொட்டி, பள்ளிக்கூடமெல்லாம் மூடியாச்சு. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு நானும் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். சங்கு ஊதிச்சு. ஏறி இறங்கி, ஏறி இறங்கி. மேகத்துக்குப் பின்னாடி விமானம் இருக்குன்னுதான் நினைச்சேன். அக்கா ஒரு சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு, விசிலை விட்டு விட்டு ஊதிக்கிட்டே தெருவுல ஓடினா. தெரு மொத்தமும் கதவைச் சாத்திச்சு.

கோடி வீட்டுக்காரி மட்டும் குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு வாசல்ல நின்னா. "அக்கா, உள்ள தண்ணி பூந்துகினு வருது!" அக்கா கத்தினா: "மழைத்தண்ணிடீ அது! உள்ளே போ, கதவைச் சாத்து, சங்கு ஊதுது!" அவ உள்ளே போனா. கதவைச் சாத்தினா.

அது மழைத்தண்ணி இல்லை. ஏரி உடைஞ்சு ஆறு கரை தாண்டி வந்துக்கிட்டிருந்தது. நாங்க கட்டிலுக்கடியில துணியைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தப்போ தரையெல்லாம் ஜிலுஜிலுன்னு ஆச்சு, அப்புறம் முதுகு நனைஞ்சுது, அப்புறம்தான் புத்தி வந்தது. கதவைத் திறந்தா இடுப்பளவு ஓடுது. ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சு எல்லாரும் மேட்டுக்கு ஏறினோம். கோடி வீட்டு மண்சுவர் ஊறி உள்பக்கமா விழுந்துடுச்சு. தாயை இழுத்துட்டாங்க. குழந்தையை இழுக்க முடியலை.

ஆத்துல வெள்ளம் வந்தா இந்த ஊர்ல தமுக்கு அடிச்சுத்தான் சொல்வாங்க. தமுக்குக்காரன் வாசல்ல நின்னு, "ஆறு வருது, மேட்டுக்குப் போங்க"ன்னு வாயால சொல்வான். அன்னைக்கு மழையில தோல் நனைஞ்சு தமுக்கு பேசலை. அந்த அதிகாரிக்கு ஒரு யோசனை தோணியிருக்கு. சங்கு சும்மாத்தானே இருக்கு, ஊதுன்னுட்டார். வெள்ளத்துக்கும் சங்கு ஊதுவோம்னு அதுக்கு முன்னாடி ஒரு ஈ காக்கைகிட்டகூட யாரும் சொன்னதில்லை.

தண்ணி வடிஞ்சப்புறம் அவர் கார்ல வந்து எங்க தெருக் குழாயடியில இறங்கினார். சேத்துல கால் படாம இருக்கப் பலகை போட்டாங்க. தெரு ஜனம் முழுக்க நிக்குது. "யாரு இந்தத் தெரு வார்டன்?"னார். அக்கா முன்னால வந்தா. "நான்தான் சங்கு ஊதி எச்சரிக்கை குடுத்தேனே? கழுத்துல விசில் மாட்டிக்கிட்டாப் போதுமா, மண்டையில ஒண்ணும் வேண்டாமா? அந்தக் குழந்தையைக் கொன்னது தண்ணி இல்லம்மா, நீ."

அடப்பாவி! பலகைமேல நின்னுக்கிட்டு, ஒரு பொம்பளையைப் பார்த்து, பெத்தவ பக்கத்துல நிக்கிறப்போ!

அதோட முடிஞ்சுது. குழாயடியில அக்கா குடம் வச்சா பக்கத்துக் குடம் நகரும். கோடி வீட்டுக்காரி எங்க வாசலைத் தாண்டுறப்பல்லாம் ஒரு பிடி மண்ணை வாரித் தூத்திட்டுப் போவா. அவளை நான் குத்தம் சொல்லமாட்டேன். பத்திரிகையிலயும் போட்டான், எச்சரிக்கை விட்டும் அறியாமையால ஜனங்க வெளியேறலைன்னு. அக்கா பூசைக்குப் போறதை நிறுத்தினா. சோறு எடுத்து வச்சா பிசைஞ்சுக்கிட்டே இருப்பா. "அவர் சொன்னது நிஜம்தானேடீ, நான்தானே அவளை உள்ளே போகச் சொன்னேன்"னுவா. விசிலைக் கழட்டி அரிசிப்பானைக்கு அடியில போட்டுட்டா. இப்படியே விட்டா இவளையும் தூக்கிக்கிட்டுப் போய்ப் புதைக்கணும்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எந்த வாயால சொன்னாரோ அந்த வாயாலேயே அதை நாலு பேர் முன்னாடி அவரைத் திரும்ப முழுங்கவைக்கணும். மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தி அதைத்தான் வேண்டிக்கிட்டேன். மாதாவுக்கு அது பிடிச்சிருக்காது.

அந்தச் சமயத்துலதான் ஒரு காலேஜ் வாத்தியார் மாணவங்களைக் கூட்டிக்கிட்டு வெள்ளம் பூந்த தெருவெல்லாம் அலைஞ்சுக்கிட்டிருந்தார். எந்த வீட்டுல எவ்வளவு தண்ணி, யார் எங்கே ஓடினாங்க, யார் ஏன் மாட்டிக்கிட்டாங்கன்னு விசாரிச்சு, ஊருக்கே புரியற மாதிரி சொல்லணும்னு அவருக்கு ஆசை. என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர், சதா ஜலதோஷம். பொம்பளைங்க அந்தக் காலேஜ் பையன்களோட பேச மாட்டேன்னாங்க. நான் போய், "நான் கேட்டுத் தரேன் சார்"னேன்.

"உங்களுக்கு இதுல என்ன அக்கறை?"ன்னார்.

"ஒரு ஆளைப் பிடிக்கணும்."

மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "நான் ஆளைத் தேடலைம்மா, என்ன நடந்ததுன்னுதான் தேடறேன்"னார். நீங்க அதைத் தேடுங்க, நான் இதைத் தேடறேன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன்.

அவர் பையன்களுக்கு ரெண்டு கேள்வி சொல்லிக் கொடுத்திருந்தார். சங்கு கேட்டுதா? கேட்டும் ஏன் கிளம்பலை? ரெண்டாவது கேள்வியைக் கேட்டதும் ஜனங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "புத்தி இல்ல சார்"ன்னாங்க. சிலபேர் விளக்குமாத்தை எடுத்தாங்க. நான் ஒரு நாள் பொறுத்துப் பார்த்தேன். மறுநாள் அவர்கிட்டயே போய்ப் போட்டு உடைச்சேன். "ஏன் கிளம்பலைன்னு கேட்டா நீங்களும் அந்த அதிகாரி மாதிரியே குத்தம் சாட்டுறீங்க. சங்கு கேட்டதும் என்ன பண்ணீங்கன்னு கேளுங்க." உடனே எல்லாப் பையன்களையும் கூப்பிட்டுக் கேள்வியை மாத்தச் சொன்னார். அதுக்காக அந்த மனுஷனை எனக்குப் பிடிச்சுப்போச்சு.

மாத்தினதும் மடை திறந்த மாதிரி வந்தது. சைதாப்பேட்டை ஆத்தோரம், அடையாத்துக்கு அந்தக் கரை, மாம்பலம் பக்கத்துப் பள்ளம், எங்க கேட்டாலும் ஒரே பதில்தான். "இன்னா பண்ணோமா? சொல்லிக் குடுத்த மாரியே கதவைச் சாத்திகினு கட்லுக்கு அடில பட்த்துகினோம்." முந்தானையைப் பல்லுக்கு நடுவுல வச்சு, துணியை எப்படிக் கடிச்சாங்கன்னுகூடக் காட்டினாங்க. எங்க தெரு மட்டும் இல்லை, ஊரே அப்படித்தான் பண்ணியிருக்கு. கேட்கக் கேட்க எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. புத்தி இல்லாமலா? சொன்ன பேச்சைக் கேட்டதால மாட்டின ஜனம்!

வாத்தியார் அடுத்து, தண்ணி ஏறாத மேட்டு வீடுகளிலயும் இதே கேள்வியைக் கேட்கணும்னார். அவங்க என்ன பண்ணாங்கன்னு தெரிஞ்சாத்தான் எது காப்பாத்திச்சுன்னு சொல்ல முடியுமாம். லஸ் பக்கம் யார் போறீங்கன்னார். நான் போறேன்னு கையைத் தூக்கினேன். அந்த அதிகாரி வீடு லஸ்லதான்.

அவர் ஆபீஸ்ல இருக்கிற நேரமாப் பார்த்துப் போனேன். அவர் சம்சாரம், அந்த மாமி, நல்ல மனுஷி. கூடத்துல உட்காரவச்சு, ரேஷன் காலத்துலயும் காப்பி கொடுத்தாங்க. நான் யாரு, யாரோட தங்கைன்னு மூச்சு விடலை. கேள்வியை மட்டும் கேட்டேன், சங்கு ஊதினப்போ என்ன பண்ணீங்க மாமின்னு.

"என்னத்தைப் பண்றது? வாசக்கதவைத் தாப்பா போட்டுண்டு, குழந்தைகளை இழுத்துண்டு மாடிப்படிக்கு அடியில உக்காந்துண்டோம். எங்காத்துல அவர்தான் தினம் பாடம் எடுத்து வச்சிருக்காரே. எல்லாரும் வாயில துணியைக் கடிச்சுண்டு, ராம ராமான்னுகூடச் சொல்ல முடியலை. அப்புறம் பால்காரன் கதவைத் தட்டி, மாமி, ஆறு வந்துடுத்துன்னப்புறம்தான் சமாச்சாரமே தெரியும். படிக்கட்டு வரைக்கும் வந்து நின்னுது. ஏறினாலும் மாடி இருக்கே, பயமில்லை."

காப்பி தித்திப்பாத்தான் இருந்தது. இத்தனை நாளுக்கப்புறம் அன்னைக்குத்தான் எனக்கு நாக்குல ருசி தெரிஞ்சது. "விசாரிச்சதை ஊருக்குச் சொல்ல வாத்தியார் கூட்டம் ஒண்ணு போடறார் மாமி, அவசியம் வரணும், பொம்பளைங்களும் வந்து கேட்கணும்"னு சொல்லிட்டு எழுந்தேன். அந்த நல்ல மனுஷியை இப்படி இழுத்துவிட்டியேன்னு நீங்க கேட்கலாம். கேளுங்க. எனக்கு உறுத்தலை.

கூட்டம் மயிலாப்பூர்ல ஒரு பள்ளிக்கூட ஹால்ல. பாதி மயிலாப்பூர் வந்துடுச்சு. வக்கீல், டாக்டர், வாத்தியார், பாட்டு டீச்சர். தலைமை தாங்கக் கூப்பிட்டிருந்ததால மேடையில பெரிய தலைவராட்டம் மாலையும் கழுத்துமா அந்த அதிகாரி. சுவர்ல வாத்தியார் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தார், தண்ணி ஏறின இடமெல்லாம் நீல மை. மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பேசினார். சங்குச் சத்தம் எல்லா வீட்டுலயும் கேட்டது, கேட்டு எல்லாரும் ஒண்ணேதான் பண்ணாங்கன்னு அவர் ஆரம்பிச்சதுமே அதிகாரி குறுக்கே பாஞ்சார்.

"அப்படிப் பொதுவாச் சொல்லப்படாது. படிச்ச ஜனங்க வேற, அந்தத் தெரு ஜனங்க வேற. அங்கே ஒரு வார்டன், ஒரு பொம்பளை, ஓடிப்போற தாயைத் தடுத்து உள்ளே தள்ளிக் குழந்தையைக் கொன்னா. அறியாமைதான் நம்ம ஜனங்களோட வியாதி."

கை தட்டினாங்க. நான் பொம்பளைங்க பக்கத்துல எழுந்து நின்னேன். எத்தனை ராத்திரி ஒத்திகை பார்த்த கேள்வி!

"சார், அந்த வார்டனோட தங்கை நான். ஒரே ஒரு கேள்வி. சங்கு ஊதினப்போ உங்க வீட்டுல என்ன பண்ணாங்க?"

சிரிச்சார். "எங்க வீடு படிச்சவா வீடும்மா. சங்கு எதுக்குன்னு தெரியாதா?"

முன்வரிசையில உட்கார்ந்திருந்த மாமியைப் பார்த்தேன். மாமி என்னைப் பார்த்தாங்க. நான் காப்பி குடிச்சது, கேள்வி கேட்டது எல்லாம் அவங்களுக்கு அந்த நிமிஷத்துல விளங்கிடுச்சு. முகம் வெளுத்துப்போச்சு. உட்கார்ந்தே இருந்துடுவாங்கன்னு நினைச்சேன். ஆனா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கிட்டு எழுந்துட்டாங்க.

"கதவைத் தாப்பா போட்டுண்டு மாடிப்படிக்கு அடியிலதான் உக்காந்துண்டிருந்தோம். நீங்க சொல்லிக் குடுத்தபடிதான்" அப்படின்னாங்க. அவரைப் பார்த்துத்தான் சொன்னாங்க. குரல் சின்னது, ஆனா ஹால் முழுக்கக் கேட்டது.

பின்னாடி யாரோ ஒரு வக்கீல், "எங்காத்துலயும் அதே கதைதான் ஓய்"ன்னார். சிரிப்பு எழும்பிச்சு. வாத்தியாருக்கு அப்போ எங்கிருந்து தைரியம் வந்ததோ, "சங்கு கேட்டுக் கதவைச் சாத்தினவங்க கை தூக்குங்க"ன்னார். வக்கீல் கை, டாக்டர் கை, பாட்டு டீச்சர் கை, எல்லாக் கையும் மேலே. சிரிப்பு நின்னுபோச்சு. வாத்தியார் நீல மையைத் தொட்டுக் காட்டினார். "நீங்க செஞ்சதைத்தான் இவங்களும் செஞ்சாங்க. உங்களுக்கு மேடும் மாடியும் கல்சுவரும் இருந்தது. இவங்களுக்குப் பள்ளமும் மண்சுவரும். வித்தியாசம் அவ்வளவுதான். இனிமே வெள்ளத்துக்கு என்ன சத்தம்னு முன்கூட்டியே வீடு வீடாச் சொல்லுங்க, பள்ளத்துலேர்ந்து ஆரம்பிச்சுச் சொல்லுங்க."

அதிகாரி மாலையைக் கழட்டி மேஜைமேல வச்சார். மூஞ்சியில ஈயாடலை. ஐயோ, அந்த மூஞ்சியைப் பார்த்தப்போ எனக்கு இருந்த சந்தோஷம்! என் கல்யாணத்தன்னைக்குக்கூட அவ்வளவு இல்லை.

ஊரெல்லாம் பேச்சாயிடுச்சு. மாமி அவரோட பேசறதை நிறுத்திட்டதா அவங்க வீட்டுப் பால்காரன் சொன்னான். ரெண்டொரு வாரம் கழிச்சு ஒரு சாயந்திரம் அவர் காரை முக்குலயே விட்டுட்டு நடந்து எங்க வீட்டுக்கு வந்தார். அக்கா சுவரோரமா உட்கார்ந்திருந்தா. "அன்னைக்கு ஏதோ வாய் தவறிட்டது. மனசுல வச்சுக்காதேம்மா"ன்னு மெதுவா, தெருவுக்குக் கேட்காம சொன்னார்.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அக்கா எழுந்தா. அரிசிப்பானையை நகர்த்தி விசிலை எடுத்துக் கழுத்துல மாட்டிக்கிட்டா. "குழாயடிக்கு வாங்க சார்"னா.

அவர் பின்னாலயே போனார், வேற வழி? குழாயடியில பொம்பளைங்க குடத்தோட நின்னாங்க. அக்கா விசிலை வாயில வச்சு விட்டு விட்டு ஊதினா. அவ்வளவுதான், நிறையுற குடத்தை அப்படி அப்படியே போட்டுட்டு எல்லாரும் வீட்டுக்குள்ள ஓடினாங்க. கதவு ஒண்ணொண்ணா அடிச்சுச் சாத்திச்சு, கோடி வீட்டுப் புதுத் தட்டிக் கதவு வரைக்கும். ஆளில்லாத தெருவுல அந்த ஆளும் நாங்க ரெண்டு பேரும். குடம் நிரம்பித் தண்ணி வழிஞ்சு அவர் ஷூவை நனைச்சது.

"மாதிரித் தெருன்னீங்களே சார், பார்த்துக்கங்க. இன்னமும் மறக்கலை"ன்னா அக்கா. அப்புறம் மூச்சு முட்ட, நீளமா ஒரே ஊது. கதவெல்லாம் திறந்துச்சு. எல்லாரும் வெளியே வந்தாங்க. "இப்போ சொல்லுங்க."

சொன்னார். சங்கு ஊதச் சொன்னது என் தப்பு, இந்தம்மா மேல தப்பில்லைன்னார். முணுமுணுத்தார். "சத்தமா"ன்னேன் நான். சத்தமாச் சொன்னார்.

கோடி வீட்டுக்காரி கூட்டத்தை விலக்கிக்கிட்டு அவருக்கு நேரா வந்து நின்னா. அடிப்பாளோன்னு பார்த்தேன். அடிக்கலை.

"இன்னொரு தபா சொல்லு நைனா. எம்புள்ள பேரைச் சொல்லிச் சொல்லு."

அவர் முழிச்சார். அக்கா கொன்னுட்டா கொன்னுட்டான்னு குழாயடியிலயும் மேடையிலயும் அந்தக் குழந்தையை வச்சுத்தானே பேசினார்? பேர் தெரியலை. ஒரு தடவைகூட யாரையும் கேட்டதில்லை. தெரு மொத்தமும் அவர் வாயைப் பார்த்துக்கிட்டு நின்னுச்சு, குழாய் ஓடிக்கிட்டே இருந்தது. கடைசியில அவர் அக்கா பக்கம் திரும்பினார். அக்கா தாழ்ந்த குரல்ல அந்தப் பேரைச் சொன்னா. அவர் சொன்னார்.

கோடி வீட்டுக்காரி அவரைத் திரும்பிப் பார்க்கலை. அக்கா கழுத்துல தொங்கின விசிலைக் கையில எடுத்து, குழந்தையோட பல்லு பட்ட இடத்தைத் தடவிப் பார்த்தா. அப்புறம், "குடத்த எடுத்துகினு வாக்கா, தண்ணி போவுது"ன்னா.